தறி ஓடட்டும், அப்புறம் பூசுங்கள்

ஒரு சின்ன எண்ணெய்ச் சிமிழுக்குப் பயந்து ஒரு மனுஷன் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாரா?

எங்கள் மாமா போட்டுக்கொண்டார். போன புதன்கிழமை, பட்டப்பகலில்.

மாமா என்றால் என் மாமனார், சவரிமுத்து. களம்பூர் ரைஸ் மில்லில் மேஸ்திரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். மிக்ஸி ரிப்பேர்காரரோடு வாரக்கணக்கில் சண்டை போட்டவர், கொசு பேட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர்... அவரேதான். லாரி டிரைவர்களையே அதட்டி வேலை வாங்கியவர். எதற்கும் பயப்பட்டு நான் பார்த்ததில்லை.

அவருக்கு இதயத்தில் அடைப்பு. வேலூர் டாக்டர் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டி, பைபாஸ்தான் வழி, தள்ளிப்போடக் கூடாது என்றார். மாமாவும் தலையாட்டிவிட்டார். திங்கட்கிழமை ஆபரேஷன். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது... அத்தை வாயைத் திறக்கும் வரை.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் சாமியாரைக் கூப்பிட்டு நோயில்பூசுதல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார் அத்தை. அவ்வளவுதான். ஆபரேஷனும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உடம்புக்கு முடியாதவர்களுக்காகச் சாமியார், அதாவது ஃபாதர், வந்து ஜெபம் செய்து, நெற்றியிலும் உள்ளங்கையிலும் மந்திரித்த எண்ணெய் பூசுவார். ஞானஸ்நானம், கல்யாணம் மாதிரி இதுவும் ஓர் அருட்சாதனம். நோயாளிக்குத் தெம்பு கொடுக்கத்தான் அது இருக்கிறது. ஆனால் நாங்கள் அதை எப்போது கேட்போம் தெரியுமா? மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகு! சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, வாடகை சேருக்கும் சொல்லிவிட்டு, அடடா ஃபாதரை மறந்துவிட்டோமே என்று கோயிலுக்கு ஓடுவோம்.

மாமாவுக்கு இது மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். வாலிபத்தில் அவர்தான் அந்தக் காலத்துச் சாமியாரை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, கலசப்பாக்கம் பக்கத்துக் கிராமங்களுக்கு மிதித்துக்கொண்டு போவாராம். எண்ணெய்ச் சிமிழ் அவர் சட்டைப் பையில்தான் இருக்குமாம். போன வீட்டில் எண்ணெய் பூசுவதைப் பார்ப்பார். திரும்பி வந்த கையோடு கோயிலில் சாவு மணி அடிப்பார். அப்படிப்பட்டவரிடம் போய், இது தெம்பு கொடுக்கிற சமாச்சாரம் என்றால் எடுபடுமா?

ஆக, சாமியார் வந்தால் ஆபரேஷன் கிடையாது என்கிறார் மாமா. வராவிட்டால் ஆஸ்பத்திரிக்கே அனுப்ப மாட்டேன் என்கிறார் அத்தை. நடுவில் நான். என் வீட்டுக்காரரோ, நீ சொன்னால் கேட்பார் என்று என்னைக் கோத்துவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டார். வெளியே சிரித்துக்கொண்டிருந்தாலும் எனக்கு உள்ளுக்குள் பயம்தான். தள்ளிப்போடக் கூடாது என்று சொன்னபோது டாக்டர் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தவள் நான்.

புதன்கிழமை காலை அத்தை யாருக்கும் சொல்லாமல் கோயிலுக்குப் போன் போட்டுவிட்டார். பதினொரு மணிவாக்கில் ஸ்கூட்டர் சத்தம். வெள்ளை அங்கி, கையில் சின்னப் பை. ஜன்னல் வழியாகப் பார்த்த மாமா, இதய நோயாளி என்று யாரும் நம்ப முடியாத வேகத்தில் பாத்ரூமுக்குள் புகுந்து தாழ் போட்டார்.

ஃபாதர் சின்ன வயசுக்காரர். பதறவில்லை. பரவாயில்லை, இருக்கிறேன் என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். நான் காபி கொடுத்தேன். அத்தை பாத்ரூம் கதவைத் தட்டி, சாமி வந்து காத்துக்கிடக்கிறார் என்று கெஞ்சிப் பார்த்தார். பதிலுக்கு உள்ளே குழாய் முழு வேகத்தில் திறந்தது. பக்கெட் நிரம்பி வழிகிற சத்தம் ஹால்வரை கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்துக் குழாய் நின்றது. நிசப்தம்.

"ஏம்மா..." என்று உள்ளேயிருந்து மாமாவின் குரல். "ஏழுமலை தறி ஏன் ஓடல?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பக்கத்து வீட்டு ஏழுமலை பவர்லூமில் பட்டு நெய்கிறவர். காலையில் ஆரம்பித்தால் இருட்டும் வரை தடதடவென்று ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் குரல் பெரிதாகிவிட்டது. கரண்ட் போயிருக்கிறதா என்று பார்த்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

வாசலில் நிழல் தட்டியது. ஏழுமலைதான். எப்போதும் லுங்கி பனியனில் இருப்பவர், சலவை வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. என் பக்கத்தில் வந்து, மெதுவான குரலில் கேட்டார்.

"எப்பம்மா எடுக்கறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாத்ரூமிலிருந்து பதில் வந்துவிட்டது.

"இன்னும் முடிவு பண்ணலப்பா."

ஏழுமலை நிலைக்கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஃபாதருக்குக் காபி புரையேறியது. தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. கால் நனைந்த வேட்டியோடு மாமா வெளியே வந்தார். முகத்தைக் கோபமாக வைத்துக்கொள்ளத்தான் பார்த்தார், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடைப்பு என்று தெரிந்த நாளிலிருந்து அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பாவம் ஏழுமலை, அவர் மேல் தப்பே இல்லை. மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்று தெரியும். அங்கியும் பையுமாக ஃபாதர் உள்ளே போவதைப் பார்த்தார். தெருவில் துக்கம் என்றால் தறி ஓட்டுவது மரியாதையில்லை என்று உடனே நிறுத்திவிட்டார். அவர் வீட்டம்மா இதற்குள் பின்தெருவுக்கும் தகவல் கொடுத்துவிட்டிருந்தார்.

சிரிப்பு அடங்கியதும் மாமா ஃபாதர் எதிரில் உட்கார்ந்தார்.

"சாமி, சிரிச்சிட்டேன். ஆனா பயம் போவல. நான் சாமியாரைக் கூட்டிகினு போன வீட்ல ஒருத்தரும் எழுந்து உக்காரல. அதை நான் பாத்துகினே இருந்தவன்."

ஃபாதர் அதை மறுக்கவில்லை. "எண்ணெய் பூசினதால அவங்க போகலீங்க ஐயா. போறப்பதான் எங்களைக் கூப்பிட்டாங்க. அவங்க பயந்துகிட்டுக் கிடந்த நாளெல்லாம் பக்கத்துல யாரும் இல்ல. நீங்க பயப்படும்போதே அம்மா கூப்பிட்டுட்டாங்க."

யோசித்துப் பாருங்கள் — டாக்டரை, வக்கீலை, கடவுளை... இந்த மூன்று பேரையும் நாம் முற்றிப்போன பிறகுதானே கூப்பிடுகிறோம்? பிறகு, வந்து என்ன பிரயோஜனம் என்று அவர்களையே குறையும் சொல்கிறோம்.

மாமா ஏழுமலை பக்கம் திரும்பினார்.

"ஏழுமலை, நீ போய் தறிய ஓட்டு. அது ஓடிகினு இருந்தா நான் பூசிக்கறேன்."

ஏழுமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். தடதடவென்று சத்தம் ஆரம்பித்தது. அந்தச் சத்தம் அவ்வளவு இனிமையாக எனக்கு என்றைக்கும் கேட்டதில்லை!

முதலில் பாவசங்கீர்த்தனம், அதாவது செய்த பாவங்களை ஃபாதரிடம் தனியாகச் சொல்வது. எங்களைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டார் ஃபாதர். எங்கள் வீடு இருக்கிற அளவுக்கு, சாதாரணமாக ஹாலில் இருமினாலே சமையலறையில் கேட்கும். அன்றைக்குத் தறி புண்ணியத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தைக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு எண்ணெய். தறியை மீறிக் கேட்கவேண்டுமே என்று ஃபாதர் ஏறக்குறைய கத்தித்தான் ஜெபித்தார். நாங்களும் கத்தித்தான் ஆமென் சொன்னோம். மாமா நெற்றியை நிமிர்த்திக் காட்டினார். இரண்டு கைகளையும் விரித்து நீட்டினார்.

ஃபாதர் சிமிழை மூடப் போனார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, இவளுக்கும் பூசுங்க."

அம்மா நல்லாத்தானே இருக்காங்க என்றார் ஃபாதர்.

"எங்க நல்லா இருக்கா? சுகர் இருக்குது. முட்டி வலி. ராத்திரி எழுந்து உக்காந்து காலைப் புடிச்சிகினு இருக்கா, நான் தூங்கறேன்னு நெனச்சிகினு. எனக்கு இன்னா சாமி, மயக்க ஊசி போட்டா ஒண்ணும் தெரியாது. வெளிய உக்காந்துகினு இருக்கப்போறவ இவதான்."

அத்தை வாரம் முழுக்க மில்ட்ரிக்காரர் மாதிரி நின்றவர். அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். ஃபாதர் சிமிழைத் திறந்து, வயசானவங்களுக்கும் பூசலாம் என்று சொல்லிக்கொண்டே அத்தை முன்னால் குனிந்தார்.

அவர் போன பிறகு அத்தை என்னிடம் வந்து ரகசியமாக ஒன்று கேட்டார். "எனக்கு முட்டி வலிக்கறதை இந்த மனுஷன் எத்தனை நாளாம்மா முழிச்சிப் பாத்துகினு இருந்தாரு?"

எனக்கும் தெரியவில்லை. ஒரே வீட்டில் இருக்கிற நானே அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் திங்கட்கிழமை காலையில் மாமா வேலூரில் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருப்பார். அத்தை வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பார். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும் சரி, எங்களுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள்.

உள்ளே இருப்பவரை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள்... நீங்கள் வெளியே இருப்பவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.