பொட்டு வைக்காத சந்தை

கொழும்பில் எங்கள் வீட்டில் சந்தைகள் இரண்டு வகை. பொட்டு வைத்துக்கொண்டு போகிற சந்தை, பொட்டு வைக்காமல் போகிற சந்தை. வெள்ளவத்தைக் கோயில் திருவிழாவுக்குப் பொட்டு வைத்துக்கொண்டு போவோம். பொரளைப் பக்கம் சிங்கள ஆட்கள் வருகிற ஒரு மண்டபத்தில் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற கைவினைச் சந்தை பொட்டில்லாத வகை. கொட்டாஞ்சேனை மாதா கோயில் பெருநாளை எதில் சேர்ப்பதென்று எனக்குப் பெரிய குழப்பம். அங்கே பொட்டோடு போனாலும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை, பொட்டில்லாமல் போனாலும் ஒருவரும் கேட்பதில்லை. அது நல்ல சந்தை. துறைமுகக் காற்று மட்டும் பொம்மைகளை மேசையிலிருந்து தள்ளி விழுத்திவிடும்.

அம்மா துணிப் பொம்மை செய்து விற்றார். அப்பா சவூதியில் இருந்தார். காலி வீதித் தையல் கடைகளில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளில் பொம்மைக்குச் சேலை வரும். உள்ளே பஞ்சு, தலையில் கறுப்பு நூல் பின்னல். பொம்மைகளும் எங்களைப் போலத்தான். நெற்றியில் ஒரு ஒட்டுப்பொட்டு வைத்தால் தமிழ்ப் பெண். எடுத்துவிட்டால் யாருடைய பிள்ளையாகவும் இருந்துகொள்ளும். பொட்டு என்பது வியாபாரத்துக்கு உடுத்துகிற உடுப்பு மாதிரி ஒன்று என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

எந்தச் சந்தையில் கடை போடுவது என்பதில் அம்மா லேசில் மடங்கமாட்டார். முதல் வருஷம் வெறுங்கையோடு என்னையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிற சனம் வாங்காது. பிள்ளைகள் முன்னால் ஓட, தாய்மார் பின்னால் கத்திக்கொண்டு வந்தால் நல்ல சந்தை. பள்ளிக்கூடக் கார்னிவல் சரிவராது, அங்கே எல்லாரும் தின்னத்தான் வருகிறார்கள். இப்படி எல்லாம் பார்த்து முடித்து, வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது கடைசியாக ஒரு வசனம் சொல்வார். "வழி பரவாயில்லை" என்றால் அடுத்த வருஷம் போவோம். "வழி சரியில்லை" என்றால் சந்தை தங்கச் சுரங்கமாக இருந்தாலும் போகமாட்டோம். வழி என்றால் குண்டும் குழியுமான ரோட்டு என்று நான் விளங்கிக்கொண்டேன். எனக்கு அப்போது மூன்றாம் வகுப்பு. சந்தை விஷயத்தில் என்னைப் பெரிய விண்ணி, எல்லாம் தெரிந்தவள் என்று நானே நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பொரளைச் சந்தை பிள்ளைகள் முன்னால் ஓடுகிற சந்தை. பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே அம்மா "வழி சரியில்லை" என்று தள்ளிவிட்டார். நான் ஒரு கிழமை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுவருஷம் யாழ்ப்பாணத்திலிருந்து சின்ன மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் கடைசித் தம்பி. மீசை அரும்பியும் அரும்பாமலும் இருக்கிற வயது. அவருக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. கொழும்பில் நிற்பதற்குப் பொலிசில் பதிந்த நாள் முடிந்துபோய், நீட்டித் தரவும் மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு அண்ணாவைச் சோதனையில் கூட்டிக்கொண்டு போனார்கள். அவருடைய தாய் காலையில் அவரைத் தேடி வெளிக்கிட்டுப் போய் பொழுதுபடத் திரும்பி வருவா, ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். மாமாவைப் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் அம்மா மெலிந்துபோனார். வாசல் மணி அடித்தால் மாமா குளியலறைக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிடுவார். இதெல்லாம் எனக்கும் தெரியும். பயமாகவும் இருந்தது, மாமாவுக்கு நாளுக்கு நாலு குளிப்பு என்று சிரிப்பாகவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மா சொன்னார்: "இந்தமுறை பொரளைச் சந்தைக்குப் போவம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வழி சரியில்லை எண்டனீங்கள்?"

"போவம் எண்டு சொல்லிப்போட்டன். வாயைக் காட்டாதை. மாமாவும் வாறார், பை தூக்க."

பை தூக்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அம்மா துணிந்துவிட்டார் என்று நான் தீர்ப்பு எழுதினேன். சந்தை நாளன்று மத்தியானம் பொரளைச் சந்திச் சன நெரிசலில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனின் வான் ஒன்று நிற்கும் என்பதையும், அது நேரே விமான நிலையத்துக்குப் போகும் என்பதையும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. தனி ஒரு பெடியன் ஓட்டோவில் போனால் மறிப்பார்கள். பொம்மை விற்கப் போகிற குடும்பம் என்றால் கேட்கிறவனுக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கும்.

காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. எனக்கு மழைக்கோட்டு மாட்டி, அம்மா தன் பொட்டையும் என் பொட்டையும் எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினார். தனக்குச் சிங்களம் தெரியாததற்கு மாமாவே ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தார். வாயில் கராம்பு, கன்னத்துக்குள் பஞ்சு, வெளியே லேஞ்சிக் கைக்குட்டையால் ஒரு கட்டு. பல்லுக்கொதிக்காரனிடம் யார் கதை கேட்பார்கள்? கண்ணாடியில் தன்னைப் பார்த்து, "அக்கா, உண்மையாவே கொதிக்கிற மாதிரி இருக்கு" என்றார். அம்மா அந்தக் கட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.

வழக்கமாக வருகிற ஓட்டோக்காரர் ஹட்டன் பக்கத்துத் தமிழ் ஆள், நல்ல மனுஷன். திம்பிரிகஸ்யாய தாண்டியதும் எனக்கு அலுப்பாக இருந்தது. மாமாவின் மடியிலிருந்த பையைத் திறந்து ஒரு பொம்மையை எடுத்தேன். அதன் நெற்றியில் வட்டமாகச் சிவப்புப் பொட்டு. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் பொட்டோடு. அடுத்த கிழமைக் கோயில் திருவிழாவுக்கு என்று அம்மா எடுத்து வைத்த பை அது. இரண்டும் ஒரே மாதிரிப் பைகள் என்பதால், பொட்டுப் பொம்மைப் பை என்று தெரிய அம்மா பிடியில் சிவப்பு நூல் கட்டியிருந்தார்.

"சிவப்பு நூல் கட்டினதுதானே இண்டைக்கெண்டு நினைச்சன்..." மாமா லேஞ்சிக்குள்ளிருந்து முனகினார்.

"ஐயோ கடவுளே" என்று அம்மா தலையில் கைவைத்தார். "முன்னுக்கு செக்பொயின்ற். பையைத் திறந்தால் தமிழாக்கள் எண்டு தெரிஞ்சிடும். பிறகு உன்ரை யாழ்ப்பாண ஐசி அட்டையைத்தான் கேப்பாங்கள்."

ஓட்டோக்காரர் திரும்பாமலே சொன்னார்: "மெதுவாப் போறேம்மா. நீங்க பொட்டை எடுத்துப் போடுங்க."

எறியத்தான் அம்மாவும் முதலில் பார்த்தார். ஆனால் முன்னாலும் பின்னாலும் வாகனம். ஓட்டோவுக்குள்ளிருந்து சிவப்புச் சிவப்பாக எதையோ வீதியில் எறிகிறார்கள் என்று ஒருவன் கண்டால் அது பெரிய வில்லங்கம். பையையும் இருக்கையையும் கிளறிப் பார்ப்பார்கள், பிள்ளையின் கையைப் பார்க்கமாட்டார்கள் என்று அம்மா என் மழைக்கோட்டுக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டினார். ஒரு பொம்மையின் பொட்டை உரித்து என் கையில் ஒட்டினார். அடுத்தது. அடுத்தது. மாமா உரிக்க, அம்மா ஒட்ட, எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. "அசையாதை, செல்லம், அசையாதை" என்று அம்மா சொன்ன குரல் எனக்குப் பழக்கமில்லாத குரல். ஒரு கை நிறைந்து மற்றக் கையும் மணிக்கட்டு வரை நிறைந்தபோது ஓட்டோ நின்றது. அம்மா மழைக்கோட்டை இழுத்து மூடினார்.

ஒரு ஆமிக்காரனும் ஒரு பொலிஸ் பெண்ணும் வந்தார்கள். எங்களை இறங்கச் சொன்னார்கள். அம்மா சிங்களத்தில் சிரித்துக் கதைத்தார். சந்தைக்குப் போகிறோம், பொம்மை விற்க. மல்லிக்கு, தம்பிக்கு, பல்லுவலி, பாவம். பொலிஸ் பெண் பையைக் கவிழ்த்தாள். பொம்மைகள் ஓட்டோ இருக்கையில் குவிந்தன, ஒன்று சேற்றில் விழுந்தது. அவள் ஒரு பொம்மையை எடுத்துப் பெருவிரலால் அதன் நெற்றியைத் தடவினாள். பசை ஒட்டியிருக்க வேண்டும், விரலைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் நெற்றியைப் பார்த்தாள். தினமும் பொட்டு இருக்கிற இடம் அம்மாவுக்குக் கொஞ்சம் வெளுத்திருக்கும்.

அந்தப் பக்கம் ஆமிக்காரன் மாமாவிடம் கையை நீட்டினான். ஐசி. மாமா சட்டைப் பையைத் தடவினார். பிறகு அதன் பொத்தானை மெல்லக் கழற்றத் தொடங்கினார். அம்மா என் தோளில் வைத்திருந்த கை இறுகியது. நகம் குத்தியது.

பொலிஸ் பெண் குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். மழைக்கோட்டின் கை கொஞ்சம் ஏறியிருந்தது. சிவப்பாக ஒரு வட்டம். அவள் மெதுவாகக் கையைச் சுருட்டினாள். இன்னொன்று, இன்னொன்று, முழங்கை வரை சிவப்பு. அவள் ஒன்றை நகத்தால் சுரண்டினாள். அது பாதி உரிந்து அவள் விரல்களுக்கிடையில் நின்றது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு எங்கள் பள்ளிக்கூட அக்காமார் வயதுதான் இருக்கும். உரிந்த பொட்டைத் திரும்ப என் கையில் வைத்து, பெருவிரலால் நன்றாக அமத்தி ஒட்டினாள். மழைக்கோட்டை இழுத்து மூடிவிட்டு நிமிர்ந்து, ஆமிக்காரனைப் பார்த்துக் கத்தினாள்.

"பெபொல! பெபொல! யன்ன தென்ன!"

கொப்பளிப்பான், அம்மை நோய், போகவிடு என்கிறாள். மாமாவின் ஐசி பையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்தது. ஆமிக்காரன் நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு பின்னால் போனான். போங்கள் போங்கள் என்று கையை வீசினான். சேற்றில் விழுந்த பொம்மையை அந்தப் பெண்தான் எடுத்து ஓட்டோவுக்குள் போட்டாள்.

ஓட்டோ அடுத்த சந்தியில் திரும்பியது. பிறகு மாமா பஞ்சைத் துப்பிவிட்டு அழுதார். அவ்வளவு பெரிய ஆள் அழுவதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது. பல் உண்மையாகவே கொதிக்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

சந்தையில் அம்மா ஒரு வியாபாரியாகவே இல்லை. வாங்கோ என்று ஒருவரையும் கூப்பிடவில்லை. ஒரு சிங்களப் பெண் விலை கேட்டபோது வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் விலை சொன்னேன். மத்தியானம் ஆனதும் மாமா எழும்பினார். மிச்சக் கராம்பை என் கைக்குள் வைத்துப் பொத்தினார்.

"அக்கா, தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்."

"சரி தம்பி. ஆறுதலாக் குடி" என்றார் அம்மா. தேத்தண்ணி குடிக்கப் போகிறவனின் தலையைத் தடவி அனுப்பினார்.

மாமா வரவேயில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பை தூக்க என்று வந்த மனுஷன்! கொஞ்ச நேரத்தில் ஒரு ஆள் வந்து ஒரு பொம்மையை எடுத்தான், பின்னலைப் பிடித்துப் பார்த்தான். "ஏறியாச்சு அக்கா" என்று தமிழில் முணுமுணுத்துவிட்டுப் பொம்மையை வைத்துவிட்டுப் போய்விட்டான். எடுத்துப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிற ஆட்களைக் கண்டால் எனக்குப் பிடிப்பதில்லை. அம்மாவோ கதிரையில் இருந்து சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு சேறு பட்ட பொம்மையை ஒரு குழந்தைக்குச் சும்மா தூக்கிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது அதே செக்பொயின்றில் ஓட்டோவை மறிக்கவில்லை. அம்மா தலையை வெளியே நீட்டி யாரையோ தேடினார். அங்கே வேறு ஆட்கள் நின்றார்கள்.

நான் பொறுக்க மாட்டாமல் தொடங்கினேன். "அம்மா, இந்தச் சந்தை சரியில்லை. நீங்களும் ஒழுங்கா விக்கேல்லை. மாமாவும் பையை எங்கடை தலையிலை கட்டிப்போட்டு ஊர் சுத்தப் போட்டார்."

"ஓம்."

"அந்தப் பொலிஸ் அக்கா சரியான மோடு, ஒண்டும் தெரியாது. பொட்டைப் பாத்திட்டுக் கொப்பளிப்பான் எண்டுறா!"

அம்மா என் வாயைப் பொத்தினார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என் மழைக்கோட்டுக் கையைச் சுருட்டி, மணிக்கட்டில் அந்தப் பெண் திரும்ப ஒட்டிய பொட்டைத் தேடிப் பிடித்து அதில் முத்தம் வைத்துக் கொஞ்சினார்.

"சந்தை எப்பிடியும் போகட்டும் பிள்ளை" என்றார். "வழி சரியா இருந்துது. அது காணும், அது போதும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மழை, மறிப்பு, கவிழ்த்துக் கொட்டிய பை, சேற்றில் விழுந்த பொம்மை, தோளில் இன்னும் எரிகிற நகக் கீறல். இதில் எந்த வழி சரியாக இருந்தது? அம்மாவுக்கு இனிச் சந்தை பார்க்கத் தெரியாது, அடுத்த வருஷத்திலிருந்து அந்தப் பொறுப்பை நான்தான் எடுக்கவேண்டும் என்று கராம்பைக் கடித்துக்கொண்டு முடிவுசெய்தேன்.