ரோமாபுரி அவர் பாகம்

சென்ற செவ்வாய்க்கிழமை நான் பாடம் சொல்லும் கல்லூரியின் வாசலில், கார்டன் ரீச் கம்பெனிப் பியூன் ஒருவன் குடையை மடக்கிக்கொண்டு நின்றான். "நாத்பாபு ஆர் நேய்" என்றான். சிதம்பரநாத பிள்ளையை வங்காளிகள் அப்படித்தான் சுருக்கி வைத்திருந்தார்கள். அவர் இனி இல்லை என்ற செய்தி எனக்கு வங்காளியில் வந்து சேர்ந்தது. புரியாதவன் போல இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

கல்கத்தாவில் உள்ள நம்மவர்கள் அவரைப் பெரிய குமாஸ்தாவாக அறிவார்கள். நான் அறிந்தவர் வேறு. தலைநகரம் தில்லிக்குப் போகாத காலம் அது. நாங்கள் இருவரும் ஒன்றாக பி.ஏ. தேறியிருந்தோம். இருவர் தகப்பனாரும் திருநெல்வேலியிலிருந்து கம்பெனி உத்தியோகத்துக்கு வந்தவர்கள். "படித்தது போதும், ஆபீசில் சேருங்கள்" என்றவர்களிடம் மன்றாடி ஒரு வருஷம் வாங்கினோம். சரித்திரத்தில் எம்.ஏ. எழுத ஆசை. பாடமோ மலையாக இருந்தது. ஆகவே பங்கு போட்டோம். இங்கிலாந்து எனக்கு, ரோமாபுரி அவருக்கு. அவரவர் பங்கைப் படித்து மற்றவருக்குச் சொல்ல வேண்டியது. பாதி உழைப்பில் முழு எம்.ஏ. என்று நினைத்த எங்கள் சாமர்த்தியத்தை என்ன சொல்ல!

நகரத்தின் ஓரத்தில் பாலிகஞ்ச் அப்போது குளமும் தென்னையுமாகக் கிடந்தது. ஸ்டேஷனுக்கு அப்பால் ஒரு குளத்தங்கரைப் படியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு அவர் சொல்வார். ரோமாபுரிச் சபையார் திருநெல்வேலித் தமிழில் சண்டை போடுவார்கள். ரோமாபுரிப் படை கார்த்தேஜ் பட்டணத்தைக் கொளுத்திய கதையைச் சொன்ன மாலையில் குளத்துத் தண்ணீர் சிவந்திருந்தது. சூரியனாலா, அவர் சொன்னதாலா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. எரிகிற துறையில் கிழட்டுப் படகோட்டி ஒருவன் விடாமல் ஆட்களை அக்கரை சேர்த்தானாம்.

"இது எந்தப் புஸ்தகத்துல இருக்கு வே?"

"புஸ்தகத்துல இல்லன்னா என்ன? அவ்வளவு பெரிய துறையில அப்படி ஒருத்தன் இருந்திருக்க மாட்டானா?"

அந்த மழைக்காலத்தில் அவர் தகப்பனார் பக்கவாதத்தில் படுத்தார். வீட்டில் வேறு ஆண்பிள்ளை கிடையாது. கம்பெனியார் தகப்பனார் உட்கார்ந்த நாற்காலியை மகனுக்குக் கொடுத்தார்கள். அவருக்குப் பரீட்சை அவ்வளவுதான் என்று இருவருக்கும் தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ரோமாபுரியையும் நானே படிச்சுக்கிடுதேன் வே. நீரு அலைய வேண்டாம்" என்றேன்.

அவருக்கு வந்ததே கோபம்! "அதெப்படி? பாகப்பிரிவினை ஆனா ஆனதுதான். என் பாகத்துல நீரு கால் வைக்கப்படாது."

ஆபீஸ் விட்டு, விரலில் மையோடு ஊரின் மறுகோடியான கார்டன் ரீச்சிலிருந்து அந்தப் படிக்கு வந்து சேர்வார். சில நாள் பாதி வாக்கியத்தில் தூங்கிவிடுவார். நான் எழுப்ப மாட்டேன். தவளைகள் கத்திக்கொண்டிருக்க, ரோமாபுரிப் படை ஆற்றங்கரையிலேயே காத்து நிற்கும். விழித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

பரீட்சை முடிந்த மாலை எனக்கு முன்னதாகவே அவர் படியில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"கார்த்தேஜைக் கேட்டானா?"

"கேட்டான்."

"எப்படி எரிச்சீரு?"

"நீரு எரிச்ச மாதிரியேதான்."

கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் சிரித்தார். அந்தப் பரீட்சைக்கு எவ்வளவு ஏங்கியிருந்தார் என்பது அந்தச் சிரிப்பில்தான் எனக்குத் தெரிந்தது.

"இனி உம்ம முறை. இங்கிலாந்தைச் சொல்ல நான் தயார்" என்றேன்.

"அடுத்த வருஷம் வே."

தகப்பனார் காலமானார். தங்கைகளுக்குக் கல்யாணம் வந்தது. கரியாஹாட் பக்கம் குடி மாறினார், குழந்தைகள் பிறந்தார்கள். துர்க்கா பூஜை விடுமுறைதோறும் நான் கேட்பேன். "அடுத்த வருஷம்" என்பார். சலிப்பாக அல்ல, நாளைக்கே பரீட்சை என்பது போல முகம் மலர்ந்து சொல்வார். போன பூஜையிலும் அப்படித்தான் சொன்னார்.

ரோமாபுரிப் புத்தகம் ஒன்றையும் நான் இன்றுவரை பிரித்ததில்லை. மாணவர்கள் கேட்டால் அவர் குரல்தான் எனக்குள் எழுந்து பதில் சொல்கிறது. தம் பாகம் முழுவதையும் என்னிடம் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். அவருக்குச் சேர வேண்டிய இங்கிலாந்தும் என்னிடமே இருக்கிறது.