ஏழு வீட்டுக்கும் ஒரு பிஸ்கட் டப்பா

ரோமானியப் பேரரசு ஏன் விழுந்தது என்று பள்ளியில் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். அவர்களிடம் லுட்கார்ட் இல்லை. இருந்திருந்தால் வெள்ளிக்கிழமைதோறும் பேரரசை மாகாணம் மாகாணமாகப் பேக்கப் எடுத்து வைத்திருப்பார். காட்டுமிராண்டிகள் எரித்துவிட்டுப் போனாலும் திங்கட்கிழமை மதியத்துக்குள் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றியிருப்பார். வந்தவர்களில் பாதிப் பேருக்கு மூக்கும் உடைந்திருக்கும்.

எங்கள் வேஸ்டர்மூர் நகராட்சியில், கம்ப்யூட்டர்களுக்குள் எது வரலாம், எது போகலாம் என்று காவல் காக்கும் ஃபயர்வாலைப் பார்த்துக்கொள்பவர் லுட்கார்ட். ஐம்பத்து நான்கு வயது. கசாப்புக் கடைக்காரர் மகள், ஜூடோ கற்றவர், பதினோரு வருடம் லாரி ஓட்டியவர். முதல் கணவரைச் சமையலறைக் கண்ணாடிக் கதவு வழியாகத் தோட்டத்துக்கு அனுப்பிவைத்தார்; கதவு அப்போது மூடியிருந்தது. அதற்குப் பிறகுதான் மாலை வகுப்பில் சேர்ந்து கம்ப்யூட்டர் படித்தார். என் பெயர் யார்னெ, அவரிடம் வேலை பழகும் மாணவன்: வாரத்துக்கு மூன்று நாள் வேலை, இரண்டு நாள் பள்ளி. அதற்குமேல் ஒருவரையொருவர் தாங்க முடியாது என்று பள்ளியும் நானும் பேசி முடித்திருந்தோம்.

ஃபயர்வால் பார்வைக்கு ஒரே பெட்டிதான். அதற்குள் ஏழு ஃபயர்வால்கள் தனித்தனியாகக் குடியிருந்தன: நகராட்சி அலுவலகம், பள்ளி, நீச்சல்குளம், தீயணைப்பு, நீரேற்று நிலையம், நூலகம், முதியோர் இல்லம். தொழிலில் இதைக் கான்டெக்ஸ்ட் என்பார்கள். லுட்கார்ட் 'வீடு' என்பார். ஒரு வீட்டின் விதி அடுத்த வீட்டுக்குத் தெரியாது. வெளியே நின்றபடி பெட்டியைப் பேக்கப் எடுத்தால் வாசலில் எழுதியிருக்கும் ஏழு பெயர்கள் மட்டும்தான் கிடைக்கும். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்து, உள்ளே இருப்பதைத் தனியாக அள்ளிக்கொண்டு வர வேண்டும்.

முந்தைய வேலையில் இதை அறியாமல் ஒருமுறை மாட்டிக்கொண்டார். இடி விழுந்து பெட்டி எரிந்தது. கையில் பெயர்கள் இருந்தன, வீடுகள் இல்லை. மூன்று நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் நினைவிலிருந்து எழுதினார். நான்காம் நாள் மேலாளர் வந்து "உன் தப்பு" என்றபோது அலமாரிக் கண்ணாடியில் கையை விட்டார். வலது கையில் பதினான்கு தையல்.

"அவன் நகர்ந்துட்டான்டா. இல்லாட்டி கண்ணாடி தப்பிச்சிருக்கும்," என்பார்.

எங்கள் மேலாளர் ஸ்டைனுக்கு அந்தக் கதை தெரியாது. வெள்ளிக்கிழமைதோறும் வந்து கேட்பார்: "ஒரு பட்டனை அமுக்கினா முடியுற வேலைக்கு அரை நாளா, லுட்கார்ட்?"

"உங்க வீட்டு வாசலை ஒரு போட்டோ எடுத்துத் தரேன், ஸ்டைன். வீடு இடிஞ்சா அதுக்குள்ள போய்ப் படுத்துக்குங்க."

போன வெள்ளிக்கிழமை லுட்கார்ட் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. கார் நிறுத்தும் இடத்தில் நடந்த ஒரு தகராறு. எதிராளியின் பல் ஒன்று சாட்சிப் பொருளாக உறையில் இருந்தது. கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: "ஏழு வீடு. ஏழுலயும் நுழைஞ்சு எடுக்கணும். புரியுதா, யார்னெ?"

"புரியுது மேடம். மணி அடிச்சிட்டு நுழையணுமா?"

கீபோர்டு ஒன்று என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் சிதறியது. அந்த வருடத்தில் அது மூன்றாவது.

ஆறு வீடுகளை ஒழுங்காக எடுத்தேன். சத்தியம். ஏழாவதான முதியோர் இல்லம் பாஸ்வேர்டை ஏற்கவில்லை. அதை எழுதிக் கொடுத்த சீட்டு என் ஜீன்ஸோடு சலவை இயந்திரத்துக்குள் போய் வந்திருந்தது. பன்னிரண்டு மணிக்குப் பஸ். நூலகத்தின் ஃபைலை இன்னொரு பிரதி எடுத்து, முதியோர் இல்லம் என்று பெயர் மாற்றி வைத்துவிட்டு ஓடினேன்.

விளையாட்டாகத்தான் செய்தேன். ஆனால் அதற்கு முந்தைய நாள்தான் இல்லத்தின் புதுக் கட்டடத்தை, இருபத்திரண்டு அறைகளை, அந்த வீட்டில் சேர்த்திருந்தார்கள். கிழவர்கள் கழுத்தில் தொங்கும் அபாயப் பட்டன் அந்த விதிகள் வழியாகத்தான் நர்ஸைக் கூப்பிடும். அதற்கு முந்தைய வாரத்துப் பேக்கப்பில் பழைய கட்டடம் இருக்கும், புதுசு இருக்காது. பெட்டிக்கு ஏதாவது ஆனால் அந்த இருபத்திரண்டு பட்டன்களும் ஊமை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. திங்கள் காலை முதல் வேலையாகச் சரிசெய்துவிடுவது என்றிருந்தேன்.

திங்கள் காலை பத்து மணிக்கு, நான் வந்து உட்காருவதற்குள், விவசாயி அஷீல் டிராக்டரோடு வந்தார்.

சைக்கிள் பாதைக்காக அவருடைய நிலத்தில் ஒரு துண்டை நகராட்சி எடுத்திருந்தது. டிராக்டரின் முன்னால் வைக்கோல் கட்டைக் குத்தித் தூக்கும் இரண்டு இரும்பு ஈட்டிகள், ஒவ்வொன்றும் என் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. தெருவிலிருந்து திரும்பி, பூச்செடிகளை அரைத்துக்கொண்டு, வேகம் குறையாமல் எங்கள் சர்வர் அறைச் சுவருக்குள் நுழைந்தார். செங்கல் பறந்தது. ஒரு ஈட்டி அலமாரியைக் கிழித்து ஃபயர்வால் பெட்டியின் நடுவில் புகுந்து மறுபக்கம் வந்து நின்றது. கம்பியில் கோத்த கறித்துண்டு மாதிரி பெட்டி அதில் தொங்கிப் பொறி கக்கியது.

லுட்கார்டின் நெற்றியில் செங்கல் பட்டு ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை. ஓட்டை வழியாக வெளியே போய், சக்கரத்தில் ஏறி, கேபின் கதவைப் பிடுங்கினார். அஷீல் ஸ்பேனரால் அவர் தோளில் ஓங்கி அடித்தார். எலும்பில் பட்ட சத்தம் எனக்கே கேட்டது. லுட்கார்ட் அவர் தாடியைப் பிடித்து இழுத்து, தலையால் ஒரே முட்டு. மூக்கு நொறுங்கியது. அஷீல் பூச்செடியில் விழ, லுட்கார்ட் இறங்கி அவர் மார்பில் முழங்காலை ஊன்றினார்.

"என் நிலத்தை எடுத்துட்டானுங்க!" என்று அஷீல் ரத்தம் துப்பினார்.

"எடுத்தவன் மேல்மாடியில இருக்கான். என் ஏழு வீட்டை ஏன்டா குத்தினே?" இன்னொரு அறை விழுந்தது.

போலீஸ் வந்து யாரை யாரிடமிருந்து காப்பாற்றுவது என்று கொஞ்சம் குழம்பியது.

நிலவறையில் இதே மாதிரி ஒரு மாற்றுப் பெட்டி இருந்தது. நானும் லுட்கார்டும் தூக்கி வந்து, தப்பித்த பக்கத்து அலமாரியில் பொருத்தினோம். அவர் ரத்தம் அதன்மேல் சொட்டியது.

"முதல்ல முதியோர் இல்லம்," என்றார். "அங்க போனும் இந்தப் பெட்டி வழியாத்தான். அரை மணியில எழுப்பிடலாம்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "எல்லாருக்கும் ஃப்ரைஸ் வாங்கிட்டு வரேன் மேடம்."

ஸ்டைனின் சைக்கிளை அவரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு நான்கு கிலோமீட்டர் எதிர்க்காற்றில் மிதித்தேன். முதியோர் இல்லத்தின் புதுக் கட்டடத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்தேன். பதினேழாம் அறைக் குளியலறையில் ஒமெர் என்ற கிழவர் தரையில் கிடந்தார். மண்டை பிளந்து ஓடுகளெல்லாம் சிவப்பு. கட்டைவிரல் இன்னும் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தது.

"இருபது நிமிஷமா அமுக்குறேன், ஒரு நாயும் வரல. இதை என் கழுத்துல மாட்டினவன் கழுத்தை நெரிக்கணும்!"

"முதல்ல எந்திரிங்க ஐயா, அப்புறம் நெரிக்கலாம்."

காத்திருக்கவில்லை, என் சட்டைக் காலரை முறுக்கியே நெரித்தார். நல்ல பிடி. ஒரு கையால் துண்டை அவர் தலையில் அழுத்திக்கொண்டு நர்ஸைக் கூப்பிட்டுக் கத்தினேன். தலைமை நர்ஸ் ஹாடெவிக் ஓடி வந்தார்.

"பழைய கட்டடத்துல பட்டன் கொஞ்ச நேரத்துல வந்துரும். இங்க வராது. ஆளை விட்டு ரூம் ரூமாப் பார்க்கச் சொல்லுங்க," என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, கதவுக்கு மேலே, பட்டன் வேலை செய்கிறது என்று காட்டும் பச்சை விளக்கு எரிந்தது. நடைபாதை நெடுக, இருபத்திரண்டும்.

திரும்பி வந்தபோது லுட்கார்ட் கவிழ்த்த மரப்பெட்டியொன்றின் மேல், தலையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். மடியில் திறந்த பிஸ்கட் டப்பா. பிஸ்கட்டுகளுக்கு நடுவே ஒரு பென் டிரைவ்.

"வியாழக்கிழமை மாத்தின வீட்டை வியாழக்கிழமையே எடுத்து வைக்கலைன்னா எனக்குத் தூக்கம் வராது," என்றார், மென்றபடி. என் ஃபைலை அவர் திறக்கவே இல்லை. தப்பித்தேன்.

"ஃப்ரைஸ் எங்கடா?"

"கடை மூடியிருக்கு மேடம்."

"திங்கட்கிழமை என்னிக்குத் திறந்திருந்துச்சு?" இன்னொரு பிஸ்கட்டை எடுத்தார். "ஹாடெவிக் போன் பண்ணினா. ஒமெருக்கு ஏழு தையல். பிழைச்சுக்குவார். உன்னைக் கையில கிடைச்சா கொன்னுடுவேன்றாராம். பிரியமாத்தான்."

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

"பழசுல வந்துரும், புதுசுல வராதுன்னு அவகிட்ட சொன்னியாமே. செத்தது ரெண்டு கட்டடமும். புதுசு மட்டும் வராதுன்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

பழக்கத்தில் குனிந்தேன். எறிவதற்கு அன்றைக்கு ஒரு கீபோர்டும் மிச்சமில்லை. அவர் லேப்டாப்பை மெதுவாக என் பக்கம் திருப்பினார்.

"வெள்ளிக்கிழமை எடுத்தியே, ஏழாவது வீடு. திற. உள்ள யாரு குடியிருக்காங்கன்னு பார்ப்போம்."