மூன்று நாள் தேடிய எலி

செத்த எலியின் நாற்றம் நிமிர்ந்து நின்றால் போக்குக் காட்டும், குனிந்தால் மூக்கில் ஏறும். நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் எங்கள் அடுக்களையில் எழுந்த நாற்றமும் அப்படித்தான் தரையோடு தரையாகக் கிடந்தது. உத்திரமேரூரிலிருந்து மூன்று மைல் தள்ளியிருந்த எங்கள் ஊரில் அது அதிசயம் ஒன்றும் இல்லை. அடுக்களையை ஒட்டிய அறையில் வேர்க்கடலை மூட்டைகள் அடுக்கியிருந்தன. அப்பாவை நாங்கள் “நைனா” என்று கூப்பிடுவோம். அவர் தக்காளித் துண்டுகளில் எலி மருந்து தடவி மூட்டை இடுக்குகளில் வைத்துவிட்டு, மாகறலில் இருந்த அத்தை வீட்டு அறுப்புக்கு நான்கு நாள் போயிருந்தார்.

எங்கள் கேஸ் அடுப்பு அப்போதே பழையது. இடப்பக்கக் குமிழ் இறுகிப்போய், “கொறடு” போட்டுத்தான் திருப்ப வேண்டும். பச்சை ரப்பர் டியூபின் நுனி வெடிக்கும்போதெல்லாம் ஓர் அங்குலம் நறுக்கிவிட்டு, தேங்காய் எண்ணெய் தொட்டு மறுபடி மாட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். நறுக்கி நறுக்கி டியூப் முழ நீளத்துக்குக் குறைந்து, சிலிண்டர் அடுப்பு மேடையை உரசிக்கொண்டு நின்றது. நைனா கிளம்பிய அன்று மாலை நுனி மறுபடி வெடித்தது. பிளஸ் டூ எழுதிவிட்டு வீட்டிலிருந்த அண்ணன் நறுக்கி மாட்டினான். துருப்பிடித்த கிளிப் உடைந்து அவன் கையோடு வந்தது.

“கிளிப்பு இன்னாத்துக்கு? மோட்டாரையே கட்றவன் நானு” என்று சொல்லி, எரிந்துபோன பம்புசெட் மோட்டாரிலிருந்து உருவி வைத்திருந்த செம்புக் கம்பியை நான்கு சுற்றுச் சுற்றிக் கொறடால் முறுக்கினான். மெல்லிய கம்பி ரப்பருக்குள் நன்றாகப் புதைந்தது. அதை நாங்கள் உறுதி என்று நினைத்தோம்.

மறுநாள் காலை “அம்மா, நாறுது” என்று முதலில் சொன்னவள் நான்தான். அம்மா என் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். “ஆமா, நாத்தமாத்தான் கீது. உங்க நைனா வெச்ச மருந்துல எலி செத்துக்கீது” என்றாள். அம்மாவே சொன்ன பிறகு எங்கள் யாருக்கும் வேறு யோசனை வரவில்லை.

அன்றும் அதற்கு அடுத்த நாளும் தேடினோம். அண்ணன் “பேட்டரி லைட்டை” எடுத்துக்கொண்டு பரணில் ஏறினான். நான் பானைகளுக்குப் பின்னால் தவழ்ந்தேன். “மொதல்ல நீ குளிச்சிட்டு வந்து தேடுடா. எது எலி, எது நீன்னே தெரியல” என்று அம்மா அவனைக் கிண்டல்கூடச் செய்தாள். மூன்றாம் நாள் காலைச் சமையல் முடிந்ததும், மூட்டைகளுக்கு அடியில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, முப்பத்திரண்டு மூட்டைகளையும் அடுக்களைக்குள் இழுத்து வந்து அதுவரை காற்றுக்குத் திறந்தே கிடந்த பின்கதவையும் ஜன்னலையும் சாத்தி, அவற்றை மறைத்து அடுக்கினோம். பக்கத்து அறையில் இரண்டு பல்லி முட்டைகள் கிடந்தன. எலி இல்லை.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின் அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் படுத்தோம். மூன்று மணி வாக்கில் காப்பி போட அம்மா உள்ளே போனாள். பால் சொம்போடு பின்னால் நான். நாற்றத்தில் எனக்குக் கண் எரிந்தது. அம்மா சாவகாசமாகத் தீப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்தாள்.

“எம்மா! கிழிக்காத! கிழிக்காத!”

கூடத்திலிருந்து கத்தியவர் ஸ்டவ் ரிப்பேர் ஏகாம்பரம். குமிழைச் சரிசெய்ய வரச்சொல்லி நைனா போன வாரமே கடைத்தெருவில் அவரிடம் சொல்லியிருந்தார். கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தவர், அம்மாவின் கையிலிருந்து தீப்பெட்டியைப் பிடுங்கி வாசல் பக்கம் வீசினார். அம்மாவின் கையை வேற்று ஆள் ஒருவர் பிடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சத்தம் கேட்டு எழுந்த அண்ணன் சுவரில் கைவைக்கப் போக, “ஃபேன் போடாத! ஸ்விச்ச தொட்ட, அல்லாரும் காலி!” என்று அலறினார். ரெகுலேட்டரை மூடினார். நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் மூட்டைகளை இழுத்துப் பின்கதவையும் ஜன்னலையும் திறந்தோம். அவர் சிலிண்டரைத் தோட்டத்துக்கு உருட்டினார்.

தோட்டத்தில் டியூபை அவர் வளைத்துக் காட்டியபோது, கம்பி புதைந்த இடத்தில் ரப்பர் மீன் வாயைப் போலத் திறந்து மூடியது. மூன்று நாளாக எலி தேடிய கதையை அண்ணன் திக்கித் திக்கிச் சொன்னான். ஆனால் ஏகாம்பரம் அவனை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

“தெருவுல வரும்போதே எனக்கு வாட அடிக்குது. நீ அடுப்பாண்ட நின்னுக்கினு குச்சிய எடுக்கிற. மூக்கு அடைச்சிக்கினு கீதா?”

“ஜலதோஷம்.”

“மூணு நாளாவா?”

அம்மா எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து, “எனக்கு வாசனையே தெரியாதுப்பா. ஒம்போது வயசுல டைபாய்டு வந்திச்சி, அத்தோட போச்சி” என்றாள்.

அண்ணன் சிரித்துவிட்டான், விளையாட்டு என்று நினைத்திருக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாம்பாரையும் குழம்பையும் அம்மா எங்கள் மூக்கருகில் நீட்டி “மோந்து பாரு, ஊசிடுச்சா?” என்று எங்களைக் கேட்டதும், பால் பொங்கும்வரை அடுப்பை விட்டு அகலாமல் நின்றதும், நாங்கள் முகம் சுளித்தால் தானும் சுளித்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. எலி நாற்றம் என்று சொன்ன ஆள், நாற்றத்தையே அறியாத ஆள். அந்தச் சொல்லை நம்பித்தான் மூன்று பேரும் சாக இருந்தோம்.

“உங்க நைனாவுக்குத் தெரிய வேணாம். கண்ணாலத்துல மறைச்சிட்டாங்க. தெரிஞ்சா இந்த அடுப்ப வெளிய தூக்கி வெச்சிருவாரு. மறுபடி வெறகு ஊத என்னால ஆவாது” என்றாள் அம்மா. கெஞ்சும் குரலில் அம்மா பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஏகாம்பரம் புது டியூபும் கிளிப்பும் போட்டு, குமிழைக் கழற்றி கிரீஸ் வைத்துவிட்டு, “நான் சொல்லமாட்டேன். நீ சொல்லிடு” என்று சைக்கிளை எடுத்தார்.

மறுநாள் நைனா வந்து காலைக் கழுவுவதற்குள் அண்ணன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நைனா துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“எனக்குத் தெரியாதா? கட்டிக்கினு வந்த மொத வருசமே பூச்சி மருந்து அடிச்ச சொக்காயோட வந்து பக்கத்துல குந்தினேன். ஊரே ஓடும், இவ சோறு போட்டா. அன்னிக்கே தெரியும்.”

தினமும் விடியற்காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன் அவர் அடுக்களைக்கு வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பார். தண்ணீர் குடிக்க அல்ல, மோந்து பார்க்கத்தான் அவர் வந்திருக்கிறார் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அம்மாவுக்கு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். கோபம்தான் வந்தது.

“வெள்ளிக்கிழமையானா மல்லிப்பூ வாங்கியாந்து, வாசன எப்டி கீதுன்னு கேப்பியே? தெரிஞ்சிக்கினா கேட்ட?”

“நீயா சொல்லுவேன்னு பாத்தேன்.”

“நீ எனக்காக மோந்து பாக்குறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நீ இல்லாத நாளுல நான் புள்ளைங்கள வுட்டுப் பாக்கச் சொல்லியிருக்க மாட்டேனா? குச்சி கையில இருந்திச்சிய்யா!”

நைனா காலைக் கழுவப் போனார். அடுப்பை அவர் வெளியே வைக்கவில்லை. மூன்று நாள் அம்மா அவரோடு பேசவில்லை. சோற்றை மட்டும் வைத்தாள். வெள்ளிக்கிழமை அவர் பூவோடு வந்தார், கேள்வி கேட்கவில்லை. “காத்தால பறிச்ச பூ. கொஞ்சம் வாடிக்கீது. கிட்ட வந்தா பச்சப்பால் வாசன” என்றார். அம்மா வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு நைனா அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னார்: ஏரியில் தண்ணீர் வற்றும்போது வரும் சேற்று வாசனை, புது நெல் அவியும் வாசனை, நான் முதல் சம்பளத்தில் எடுத்துத் தந்த புடவையின் கஞ்சி வாசனை. அம்மாவும் யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. தயிர் கொண்டுவருகிறவளைக்கூட உள்ளே கூப்பிட்டு “மோந்து சொல்லு, பத்த வெக்கணும்” என்பாள்.

நைனா போய் நான்கு வருடம் ஆகிறது. அம்மா காஞ்சிபுரத்தில் என்னோடு இருக்கிறாள். அவள் பிடிவாதத்தால் அந்தப் பழைய அடுப்பும் வந்திருக்கிறது. பச்சை டியூப் இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. ஊர்க் கடைத்தெருவில் ஏகாம்பரத்தின் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். போன வாரம் கேஸ் கம்பெனிச் சீருடை போட்ட ஒருவர் வந்து, “இதுக்குப் புதுசே வாங்கிடலாம் மேடம்” என்று சலித்துக்கொண்டே பர்னரையும் குமிழையும் மாற்றி, தேதி அச்சடித்த ஆரஞ்சு டியூபை மாட்டிவிட்டுப் போனார். நான் தரைவரை குனிந்து மோந்து பார்த்து, “ஒண்ணும் இல்லம்மா, பத்த வெக்கலாம்” என்றேன்.

அம்மா லைட்டரைத் தொடவில்லை. “கேஸ் இல்ல, செரி. வேற இன்னா வாசன கீது? அத்தச் சொல்லு. உங்க நைனா சொல்லுவாரு.”

நான் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மூச்சை இழுத்தேன். “ரப்பர் வாசன” என்றேன்.

“அப்புறம்?” என்றாள் அம்மா.