தானத்தோடு ஒரு கார்டு

ரங்கூனின் லத்தா பகுதியில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் வரலாறு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். மாணவி அந்த வீட்டின் ஒரே மகள். பாடப்புத்தகம் ஆங்கிலம், அவள் யோசிப்பது பர்மியம். ஆனால் விளக்கம் தமிழில்தான் இருக்க வேண்டும், பிள்ளைக்குத் தமிழ் மறந்துபோகிறது என்று வீட்டம்மா கறாராகச் சொல்லிவிட்டார். ரோமப் பேரரசின் கடைசிக் காலத்தைத் தொண்டை வறளத் தமிழில் விளக்குவேன். பிள்ளை 'ம்' கொட்டிக்கொண்டே போனைத் தடவிக்கொண்டிருக்கும்.

கேட்டுக்கொண்டிருந்தது வேறொருத்தி. அந்த வீட்டிலேயே தங்கி வேலை செய்தவள். கியாக்தான் பக்கம் விவசாயம் பார்க்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண், முப்பதைத் தாண்டியவள். தேநீர் கொண்டுவந்தால் லேசில் போக மாட்டாள். துடைத்த மேசையையே மறுபடியும் துடைப்பாள். வீட்டில் எல்லாரும் அவளிடம் பர்மியத்தில்தான் பேசுவார்கள். மகளைவிட அவளுக்கு நல்ல தமிழ் தெரியும் என்பது வீட்டம்மாவின் நினைவிலேயே இல்லை.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. லைங் தாயாவில் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கும் தங்கை, இவளுக்கும் அங்கே வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள். அடையாள கார்டு இல்லாமல் எந்த வாசலிலும் சேர்க்க மாட்டார்கள். வழியில் ராணுவத்தார் நிறுத்திக் கார்டு கேட்டால் என்ன செய்வது என்று பஸ் ஏறவே பயப்பட வேண்டிய காலம் இது. அவளுடைய கார்டோ வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே வீட்டம்மாவின் இரும்பு அலமாரியில், 'பத்திரமாக' இருந்தது. எப்போது கேட்டாலும் "பார்க்கலாம்" என்ற பதில்தான். வீட்டம்மா கெட்டவர் இல்லை. நல்ல சோறு போடுவார், வருஷா வருஷம் திஞ்சான் புத்தாண்டுக்குப் புது லுங்கி எடுத்துக் கொடுப்பார். எங்கள் வீட்டுப் பெண் மாதிரி என்றும் சொல்வார். அந்த 'மாதிரி'யைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

ஒருநாள் அடிமைகளைப் பற்றிய பாடம். பெரிய பண்ணைகளில் மட்டுமில்லை, நடுத்தர வீடுகளிலும் அடிமைகள் இருந்தார்கள், மாவரைப்பது முதல் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது வரை அவர்கள் தலையில்தான் என்றேன். தப்பியோடிப் பிடிபட்டவர்கள் சிலருக்குக் கழுத்தில் இரும்புப் பட்டை பூட்டி, 'என்னைப் பிடித்து எஜமானிடம் ஒப்படை' என்று எழுதி வைத்தார்கள் என்றேன். துடைக்கும் துணி நின்றது. பிறகு, விடுதலை கொடுப்பதற்கும் ஒரு வழி வந்தது, எஜமான் தேவாலயத்தில் ஆயர் முன்னால், சபை பார்த்திருக்க அடிமையை விடுவித்தால் அது சட்டப்படி செல்லும், எஜமானுக்கும் புண்ணியம் என்று சொல்லி முடித்தேன்.

நான் செருப்பு மாட்டும்போது அவள் படிவரை வந்தாள். டீச்சரம்மாவை இங்கே சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஏன் சயாமா, கோயில்ல வச்சுக் குடுக்கணும்? வீட்டுலயே குடுக்கப்படாதா?"

வீட்டுக்குள் கொடுத்தால் நாளைக்குக் கொடுக்கவே இல்லை என்று சொல்லிவிடலாம், நாலு பேர் பார்த்துவிட்டால் சொல்ல முடியாது என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த மாதம் அந்த வீட்டில் ஆலு, அதாவது பிக்குகளை அழைத்துச் சோறிட்டுத் தானம் கொடுக்கும் விசேஷம். ரங்கூன் தமிழர்கள் நாங்கள் காளி கோயிலுக்கும் போவோம், இதையும் விட மாட்டோம். கூடம் நிறைய ஆட்கள். பிக்குகள் சாப்பிட்டு முடித்தார்கள். தானம் நிறைவேற, சின்னக் கெண்டியிலிருந்து கிண்ணத்தில் நீர் வார்க்க வேண்டும். வீட்டம்மா கெண்டியைக் கையில் எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அவள் கூட்டத்தின் நடுவே வந்து மண்டியிட்டாள்.

"அம்மா, எங் கார்டையும் இந்தத் தானத்தோட குடுத்துருங்க."

பிறகு அதையே பர்மியத்தில், பிக்குகளுக்கும் கேட்கும்படி, நடுங்காத குரலில் சொன்னாள்.

ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன்னால் வந்து, எப்போதோ செத்துப்போன சட்டம் என்று பரீட்சைக்காக நான் ஒப்பித்ததை, இவள் எடுத்து உயிர் கொடுத்து நடுக்கூடத்தில் உட்கார வைத்துவிட்டாள். கும்பிட வேண்டும்போல இருந்தது.

கெண்டி அப்படியே அந்தரத்தில் நின்றது. தானம் கொடுக்கும்போதே ஒருத்திக்கு இல்லை என்று சொன்னால் அத்தனை புண்ணியமும் போச்சு என்பது அங்கிருந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். மூத்த பிக்கு காத்திருந்தார். வீட்டம்மாவின் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மகளிடம் கொடுத்தார். கார்டு வந்தது. தட்டில் வைத்து அவளிடம் நீட்டிவிட்டு நீர் வார்த்தார். பாதி நீர் பாயில் போயிற்று. தானத்தை வாழ்த்திக் கூடமே 'சாது, சாது' என்றது. என் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டிருக்கும்.

விசேஷம் கலைந்தபின் அவள் சமையலறையில் நின்று கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். கன்னம் நிறைய தனாக்கா மரச்சாந்து பூசிய ஒரு சின்னப் பெண், பல் தெரியாமல் சிரித்துக்கொண்டு, அந்தப் படத்தில் இருந்தாள்.

"அழகா இருந்துருக்கேன், சயாமா," என்றாள்.