வெட்டாத பற்றையும் செல்வராணி அக்காவின் காணி அனுமதியும்

சென்ற மாதம் ஒட்டுசுட்டானுக்கு இரண்டு தடவை போய் வந்தேன். ஊர் பார்க்க இல்லை, சண்டை பிடிக்க. அங்கிருந்து வவுனியாவுக்கு வாராவாரம் கச்சான் கடலை கொண்டுவந்து எனக்குத் தருகிற செல்வராணி அக்காவின் பெயர் வீட்டுத் திட்டத்தில் வந்திருந்தது. மாதம் முடியுமுன் காணி அனுமதி காட்டாவிட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும். "தனியப் போனால் ஆளை அலைக்கழிக்கிறாங்கள். நீயும் வா தங்கச்சி" என்றார்.

காலை ஆறு மணிக்கு வவுனியாவில் பஸ் ஏறி மாங்குளத்தில் மாறினேன். அங்கிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீற்றர். தேநீர் குடிப்பதென்றால் மாங்குளத்திலேயே குடித்துவிடுங்கள், பிறகு அலுவலக வரிசைதான்.

அக்கா இருப்பது தகரக் கொட்டிலில். மலையகத்தில் இருந்து வந்த அவரது தகப்பன் திருத்திய காணி அது. போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது பின்பக்கம் முழுக்க முள்ளும் புதருமாய்ப் பற்றை. இரவில் யானை அதற்குள் வந்து நின்றாலும் தெரியாது. ஏன் வெட்டவில்லை என்று கேட்டேன்.

"அனுமதி இல்லாமல் ஒரு தடியும் வெட்டக்கூடாது எண்டவை. நான் வெட்டேல்லை."

காணிக் கந்தோரில், காட்டு இலாகா சம்மதித்தால்தான் அனுமதி என்றார்கள். இன்னொரு பஸ் பிடித்து அங்கே போனோம். அங்கிருந்த அதிகாரி கோப்பைப் பார்த்துவிட்டு, "எங்கட ஆள் வந்து பாத்தவர். அது காடு" என்றார். எனக்கு விசர் வந்துவிட்டது. சட்டத்துக்குப் பயந்து வெட்டாமல் விட்டது குற்றமாம்!

அக்கா குரலை உயர்த்தவில்லை. "வெட்டாதை எண்டதும் நீங்கள். வெட்டாததைக் காடு எண்டதும் நீங்களோ? உள்ளுக்குள்ள அப்பா வெட்டின கிணறு கிடக்கு. ஆர் வந்து பாத்தது?"

"அதைக் காணிக் கந்தோரில கேளுங்கோ."

இந்தப் பதிலை எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்! நான் காணி உத்தியோகத்தருக்குப் போன் எடுத்து, சத்தத்தைக் கூட்டி, அதை இந்த அதிகாரியின் மேசையில் வைத்தேன். இருவரும் மாறிமாறிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்களே தவிர, ஒருநாளும் கதைத்தது இல்லையாம். பத்து நிமிடம் கதைத்தார்கள். வியாழக்கிழமை இருவரும் ஒன்றாக வருவதாக முடிவாயிற்று.

வியாழன் நானும் போனேன். இருவரும் ஒரே வாகனத்தில் வந்து இறங்கிப் பற்றையின் ஓரத்திலேயே நின்றார்கள். முள்ளுக்குள் போக மனமில்லை. கிணறு எங்கே என்று அங்கிருந்தே கேட்டார்கள். அக்கா கத்தியை எடுத்து வெட்டத் தொடங்கினார்.

"அம்மா, வெட்டாதேங்கோ. வழக்குப் போட வேண்டி வரும்" என்றார் காட்டு இலாகா அதிகாரி.

"போடுங்கோ ஐயா. அதிலையாவது நான் இஞ்ச இருக்கிறன் எண்டு எழுதுவியள்தானே."

கத்தி நிற்கவில்லை. நானும் கொப்புகளை இழுத்துப் போட்டேன், கையெல்லாம் கீறல். கொஞ்ச நேரத்தில் கல்லுக் கட்டிய கிணறு தெரிந்தது. அதிகாரி உள்ளே வந்து எட்டிப் பார்த்தார், தண்ணீர் கிடந்தது. வழக்குக் கதை பிறகு வரவில்லை. கிணற்றுக் கட்டின்மேல் அனுமதிக் கடதாசியை வைத்து இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது, கோபமும் போகவில்லை.

இதே அலைச்சலில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். காணியில் கிணறு, பழைய அத்திவாரம் எது இருந்தாலும் முதலே படம் எடுத்து வையுங்கள். ஒரு கந்தோர் மற்றதைக் கைகாட்டினால் எழும்பிப் போகாதீர்கள், இரண்டு பேரையும் ஒரே நாளில் காணிக்கு வரச் சொல்லுங்கள். அப்படி வழக்கம் இல்லை என்பார்கள். தனித்தனியாகத்தான் வரவேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். நான் கேட்டேன். ஒருவரும் காட்டவில்லை.