தொட்டி வைத்த தெருவில் என் தம்பி

என் தம்பி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். வேனில் ஒரு கீறல் கிடையாது. காலையில் துணியை நனைத்து ஒட்டப் பிழிந்து, முதலில் பக்கக் கண்ணாடிகளைத் துடைப்பான், அப்புறம்தான் முன் கண்ணாடி. சீட்டுக்கு அடியில் கிடக்கும் ஒற்றை சாக்ஸ், மூடியில்லாத தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, யாருடையது என்று கேட்டுக் கொடுத்துவிடுவான். பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர் ஸ்லோ மாமா. சைக்கிள்காரர்கூட அவனை முந்திப் போவார். அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை, அவனைப் போல் நிதானமாக வண்டி ஓட்டுகிறவரை நான் பார்த்ததில்லை.

யாரிடமும் முடியாது என்று சொல்ல மட்டும் அவனுக்கு வாய் வராது. சின்ன வயதில் எங்கள் வீட்டில் சாப்பிட்டு முடித்திருப்பான், பக்கத்து வீட்டு அத்தை கூப்பிட்டால் அங்கேயும் உட்கார்ந்து சாப்பிடுவான். வயிறு வலித்தால் என்னிடம் வந்து சுருண்டு படுத்துக்கொள்வான்.

இப்போது அவனுக்குக் கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது. பக்கவாட்டில் திரும்பும், தோளுக்குப் பின்னால் திரும்பாது. அதனால் எந்த இடத்திலும் ரிவர்ஸ் எடுக்காமல், ஒரு முனையில் நுழைந்து மறு முனையில் வெளியேறுகிற மாதிரியே வழியை அமைத்துக்கொண்டான். இது அவன் மனைவிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள், பிழைப்பு போய்விடும் என்று பயந்தான்.

அவன் குடியிருக்கும் தெரு, இரண்டு மெயின் ரோடுகளுக்கு நடுவே குறுக்குவழி. சிக்னலில் நிற்கப் பொறுமை இல்லாதவர்கள் எல்லாம் அதற்குள் புகுந்து பறப்பார்கள். அப்படி வந்த ஒரு பைக், மாடி வீட்டு டீச்சரின் பேத்தியை இடித்து, குழந்தைக்குக் கை முறிந்தது. டீச்சர் வீட்டுக் கீழ்ப்பகுதியில்தான் தம்பி வாடகைக்கு இருக்கிறான். தெருவின் ஒரு முனையில் பெரிய சிமெண்ட் தொட்டிகளை வைத்து, செடி நட்டு, வண்டிகள் போக முடியாமல் அடைக்க வேண்டும் என்று அவர் நகராட்சியைக் கேட்டார். தெருக்காரர்கள் ஒத்துக்கொண்டால் செய்கிறோம் என்றார்கள்.

எதிர்த்து நின்றவர் தெரு நடுவில் இருக்கும் மளிகைக் கடைக்காரர். "வழியை அடைச்சிட்டா என் கடைக்கு எவன் வருவான்? அந்தச் செடிக்கா நான் சோப்பு விக்கிறது?" என்று போவோர் வருவோரிடமெல்லாம் கேட்டார். அவர் கடைச் சுவரை ஒட்டித்தான் தம்பியின் வேன் நிற்கும். அதற்கு அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"நீ எங்க பக்கம்தானேப்பா?" என்று டீச்சர் கேட்டார்.

"ஆமாங்க டீச்சர்."

"நீ நம்ம ஆளுதானே?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ஆமாண்ணே."

டீச்சர் வீட்டு மொட்டை மாடியில் கூட்டம் போட்டார்கள். நானும் போயிருந்தேன். அடைக்கலாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார் நகராட்சி இன்ஜினியர். டீச்சர் தம்பியையே பார்த்தார். தம்பி கையைத் தூக்கினான். வேண்டாம் என்பவர்களைக் கேட்டபோது கடைக்காரர் பார்த்தார். அதே கை மறுபடியும் மேலே போனது. எண்ணிப் பார்த்தால் சரிபாதி.

"சார், வேன்காரர் ரெண்டு தடவையும் தூக்கிட்டாரு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மாடியே சிரித்தது.

"ஏம்பா, ரெண்டு பக்கமும் இண்டிகேட்டர் போட்டா பின்னாடி வர்றவன் எந்தப் பக்கம் போவான்?" என்றார் கடைக்காரர்.

"உங்க ஒரு ஓட்டுலதான் நிக்குது. ஏதாவது ஒரு பக்கம் சொல்லுங்க" என்றார் இன்ஜினியர்.

தம்பி எழுந்தான். முதுகுக்குப் பின்னால் கைப்பிடிச் சுவர், படிக்கட்டு வரைக்கும் ஆட்கள். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான். என்னைப் பார்க்க உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. "மனசுல இருக்கிறதைச் சொல்லுடா" என்றேன்.

"டீச்சர் சொல்றது நியாயம். குழந்தை அடிபட்டிருக்கு. ஆனா அடைச்சா நான் வேனை ரிவர்ஸ்லதான் வெளிய எடுக்கணும். திருப்ப இடம் இல்லை. எனக்குக் கழுத்து பின்னாடி திரும்பாதுங்க. நேர் பின்னாடி எந்தப் பிள்ளை குறுக்கே வந்தாலும் கண்ணாடியில தெரியாது."

சிரிப்பு அப்படியே நின்றது.

"இவ்வளவு நாளா இப்படியா எங்க பையனைக் கூட்டிட்டுப் போனீங்க?" என்றாள் ஒரு அம்மா.

"நேராத்தாங்க ஓட்டினேன்" என்றான். அவளைக் குறை சொல்ல முடியாது. கேட்க வேண்டிய கேள்விதான்.

"அப்ப உங்க ஓட்டு?" இன்ஜினியர் விடவில்லை.

"அடைச்சிருங்க சார்."

அவன் வயிற்றில் அவனே அடித்துக்கொண்டான் என்று அவன் மனைவி அழுதாள். ஆனாலும் அன்றைக்கு அவனை நினைத்து எனக்குத் தலை நிமிர்ந்துதான் இருந்தது.

தொட்டிகள் வந்தன. தெரு அமைதியாகிவிட்டது. கை தூக்காமலே சிலர் தங்கள் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றினார்கள். மெயின் ரோட்டில் வேன் நிறுத்த இடமில்லை, அதனால் இன்னும் கடைச் சுவரை ஒட்டித்தான் நிற்கிறது. ஒரு பிள்ளையையும் தெருவில் ஏற்றுவதில்லை. காலி வேனை ரிவர்ஸிலேயே எடுத்துக்கொண்டு போய், தெருமுனையில்தான் எல்லோரையும் ஏற்றுகிறான்.

அதை எடுப்பதற்குத்தான் ஒரு படை. டீச்சர் பல் தேய்க்கிற வாயோடு மாடியிலிருந்து, "வா, வா, வா... நேரா வா!" என்பார். கடைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு வேனுக்குப் பின்னால் ஓடுவார். "டீச்சர் பேச்சைக் கேக்காதே, இடது பக்கம் ஒடி!" எதிர் வீட்டுக்காரர் கையால் வேனைத் தட்டித் தட்டி நடப்பார். தம்பி "சரிங்க டீச்சர்", "சரிண்ணே" என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட்டு, அவர்கள் ஒத்துப்போகும்வரை பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருப்பான். காய்ச்சல் என்று ஒரு நாள் எடுக்காமல் இருந்ததற்கு, ஏன் எடுக்கவில்லை என்று தெருவே வீட்டுக்கு வந்துவிட்டது.

போன வாரம் கழுத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். "வேற தெருவுக்குப் போயிடலாமான்னு இருக்குக்கா" என்றான்.

"தாராளமா போடா. யார் பிடிச்சு வெச்சிருக்கா?"

"எப்படிக்கா போறது? எனக்காக அத்தனை பேரும் காலையில எந்திரிச்சு நிக்கிறாங்களே" என்றான்.